திரையில்லாக் கணினியும் மலையூர்களும்

கணினியைப் பழுது பார்ப்பவரின் கூலியைவிட, அவரை அழைத்துவரும் வண்டியின் வாடகை அதிகமாக இருக்கும் ஊர்கள் தமிழகத்தில் பல உள்ளன. உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பைக்காரா அவற்றில் ஒன்று. கோவையிலிருந்து ஒருவர் புறப்பட்டு வந்து திரும்பினால் ஒரு முழு நாள் கழிந்துவிடும். வெளி மாவட்ட வண்டியாக இருந்தால் 2024 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸையும் பெற்றாக வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் மண் சரிந்து சாலை அடைபட்டால் பயணமே இல்லை. இவ்வளவுக்கும் பிறகு அவர் செய்யும் வேலை இரண்டு மணி நேரத்துக்கு உள்பட்டது. அதிலும் பெரும்பகுதி, திரையில் நகரும் பட்டையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதுதான்.

அந்தக் காத்திருப்பைக் கோவையிலிருந்தே செய்ய முடியாதா என்பது நியாயமான கேள்வி. முடியும் என்பதே விடை. கணினிக்குத் திரையே இல்லாவிட்டாலும் முடியும். ஆனால், எந்த நிபந்தனைகளின்கீழ் முடியும், அதற்கான செலவு யார் தலையில் விழுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் 'தொழில்நுட்பம் தொலைவை அழித்துவிட்டது' என்று கூறுவது பாதி உண்மையாகவே இருக்கும்.

இந்தக் கேள்வி இப்போது எழக் காரணம் உண்டு. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு புதிய செயலியையும் கேட்கிறது. ஏறத்தாழ 2017-க்கு முன் வாங்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை இந்தத் தகுதியைப் பெறவில்லை. அவை பழுதானவை அல்ல. எழுதவும் கணக்குப் பார்க்கவும் பாடம் கற்கவும் போதுமானவை. ஆனால், பாதுகாப்புத் திருத்தங்கள் வராத இயங்குதளத்தோடு இணையத்தில் விடப்பட்டால் அவை பிறருக்கும் தீங்காக மாறும். அவற்றுக்கு வேறோர் இயங்குதளத்தை இடுவது அல்லது மின்னணுக் கழிவாக ஒதுக்குவது என்ற இரண்டே வழிகள் எஞ்சியுள்ளன. கட்டணமில்லாத லினக்ஸ் இயங்குதளங்கள் இருக்கின்றன. சென்னையில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் நம்மிடமே இருக்கிறது. தமிழக அரசு முன்பு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் அதுவும் இடம்பெற்றது. ஆக, பொருள் இலவசம். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் செலவு.

திரையில்லாமல் கணினி எப்படி இயங்கும் என்ற ஐயம் இயல்பானது. நமக்குக் கணினி என்றாலே திரைதான். உண்மையில் திரை என்பது கணினி நமக்குக் காட்டும் முகமே தவிர, அதன் மூளை அன்று. யூனிக்ஸ் உருவான காலத்தில் கணினியோடு பேசுவதற்கு இருந்த கருவி தட்டச்சுத் தந்திப் பொறி. அது காகிதத்தில் விடை அடித்துத் தரும். இன்றைய லினக்ஸிலும் கட்டளைச் சாளரத்துக்கு 'டிடிஒய்' என்று பெயர் நீடிப்பது அந்தப் பொறியின் நினைவாகத்தான். நான் முனைவர் பட்ட ஆய்வுக்காகப் புள்ளிவிவரங்களைக் கணித்த நாள்களில், துளையிட்ட அட்டைக் கட்டை ஒரு ஜன்னலில் கொடுத்துவிட்டு வருவோம். மறுநாள் விடை அச்சிட்ட காகிதமாக வரும். எனக்காக உழைத்த அந்தக் கணினியை ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை. இன்றும் பெரும் தரவு மையங்களில் அடுக்கடுக்காக நிற்கும் கணினிகளுக்குத் திரை கிடையாது. வாடகைக்குக் கிடைக்கும் 'மேகக் கணினி' ஒன்றை நாம் பெறும்போது, எங்கோ ஒரு திரையில்லாக் கணினியில் இயங்குதளம் தொலைவிலிருந்தே நிறுவப்படுகிறது.

தரவு மையக் கணினிகளுக்கு ஒரு வசதி உண்டு. முக்கியக் கணினிக்குள்ளேயே ஒரு சிறு காவல் கணினி தனியாக இருக்கும். பெரிய கணினி அணைந்திருந்தாலும், மின்சாரம் இருக்கும் வரை சிறியது விழித்திருக்கும். அதனுடன் தொலைவிலிருந்து பேசிப் பெரியதை அணைக்கலாம், எழுப்பலாம், அதன் திரையில் தோன்றியிருக்கக் கூடியதை நம் திரையில் பார்க்கலாம். இதற்கான 'ஐபிஎம்ஐ' என்னும் பொது விதிமுறையை 1998-இல் இன்டெல் முதலிய நிறுவனங்கள் வகுத்தன. பள்ளிகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் வாங்கப்படும் மலிவு விலைக் கணினிகளில் இந்தக் காவலாள் இருப்பதில்லை. அங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது.

பொருளாதாரம் கற்பித்தவனுக்கு 'என்று வைத்துக்கொள்வோம்' என்று தொடங்காமல் எதையும் விளக்க வராது. பைக்காராவில் ஒரு சிறு அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுப் பழைய மேசைக் கணினி, எரிந்துபோன திரை, நல்ல நிலையில் உள்ள வன்தட்டு, ஓர் இணைய இணைப்பு. உடன் இருப்பவர் அலுவலக உதவியாளர். கணினிப் பயிற்சி இல்லாதவர். ஆனால், கம்பிகளைச் சரியாகப் பொருத்தத் தெரிந்தவர். கையில் கைப்பேசி வைத்திருப்பவர். கோவையில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை, கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை எழுதி வைப்பது. இயங்குதளத்தை நிறுவும்போது கணினி பல கேள்விகளைக் கேட்கும்: எந்த மொழி, எந்த நேர மண்டலம், வன்தட்டை எப்படிப் பிரிப்பது, பயனர் பெயர் என்ன? திரையின் தேவை பெரும்பாலும் இந்தக் கேள்விகளுக்காகத்தான். விடைகள் அனைத்தையும் ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டால் கணினி அதைப் படித்துக்கொண்டு தானே வேலையை முடித்துக்கொள்ளும். டெபியன் லினக்ஸில் இந்த ஏற்பாட்டுக்கு 'பிரீசீட்' என்று பெயர். ரெட் ஹாட்டில் 'கிக்ஸ்டார்ட்' என்பார்கள். விண்டோஸிலும் இதற்கு ஈடான விடைக் கோப்பு உண்டு. எல்லா விடைகளையும் முன்பே எழுதத் துணிவில்லாவிட்டால் டெபியன் இன்னொரு வழியையும் தருகிறது. வலையமைப்பில் இணையும் வரை தானே சென்று, பிறகு நின்று, தொலைவிலிருந்து ஒருவர் வந்து மீதியைக் கேட்டு நடத்தட்டும் என்று காத்திருக்கும். அப்படி வருவதற்கான பாதைதான் எஸ்எஸ்எச். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த தாத்து உலோனன், அங்கு வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதைக் கண்டு, 1995-இல் இதை உருவாக்கினார். நடுவழியில் எவர் ஒட்டுக்கேட்டாலும் புரியாத வகையில் இரு கணினிகள் பேசிக்கொள்ளும் முறை இது.

இந்தக் கோப்பையும் நிறுவியையும் ஒரு பென்டிரைவில் இட்டுத் தபாலில் அனுப்பலாம். உதவியாளர் அதைப் பொருத்தி, வலையமைப்புக் கம்பியைச் செருகி, கணினியை இயக்குவார். சொல்வதற்கு எளிது. ஆனால், இயங்குதளத்துக்கு முன்பே விழித்தெழும் இன்னொரு மென்பொருள் ஒவ்வொரு கணினியிலும் இருக்கிறது. பயாஸ் என்று நாம் அழைப்பது அதைத்தான். பென்டிரைவைப் பார்ப்பதா, பழைய வன்தட்டைப் பார்ப்பதா என்று முடிவு செய்வது அது. பழைய கணினிகள் சிலவற்றில், விசைப்பலகை பொருத்தப்படாவிட்டால் 'விசைப்பலகை இல்லை, தொடர எஃப்1 விசையை அழுத்துக' என்ற அறிவிப்போடு அது நின்றுவிடும். விசைப்பலகையே இல்லாதபோது எந்த விசையை அழுத்துவது? இந்த வேடிக்கையைக் கணினித் துறையினர் பல ஆண்டுகளாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மலைமேல் உள்ளவருக்கு அது சிரிப்பாக இருக்காது. திரையில்லாததால் இந்த அறிவிப்பும் கண்ணில் படாது. கணினி ஏன் மௌனமாக இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது.

பயாஸின் அமைப்புகளை நினைவில் வைத்திருப்பதற்கு உதவுவது, தாய்ப்பலகையில் இருக்கும் ஒரு நாணயம் அளவிலான மின்கலம். பத்து ஆண்டுப் பழைய கணினியில் அது பெரும்பாலும் செத்திருக்கும். அப்போது அமைப்புகள் மறந்துபோவதோடு கடிகாரமும் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். இது சிறு குறை என்று எண்ண வேண்டாம். இணையத்தில் ஒரு தளம் தன்னை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தன் நாட்காட்டியில் இன்னும் 2010 என்று நினைத்துக்கொண்டிருக்கும் கணினி, இன்று வழங்கப்பட்ட சான்றிதழை 'இன்னும் நடைமுறைக்கு வராதது' என்று தள்ளிவிடும். மென்பொருள் எதுவும் இறங்காது. கோவையில் இருப்பவர் இணைப்பில் கோளாறு என்று நினைத்து அரைநாளைத் தொலைப்பார். காரணமோ, எந்தக் கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும் ஒரு மின்கலம்.

அடுத்த தடை இணைப்பில் இருக்கிறது. கைப்பேசி வழியிலான இணையத்தில் பெரும்பாலும் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். எனவே பைக்காராவிலிருந்து வெளியே அழைக்கலாம். வெளியிலிருந்து பைக்காராவில் உள்ள அந்தக் குறிப்பிட்ட கணினியை அழைக்க முடியாது. பல குடும்பங்கள் வசிக்கும் கட்டடத்துக்குக் கதவு எண் இல்லாமல் கடிதம் எழுதுவது போன்ற நிலை. ஆகவே திசையை மாற்ற வேண்டும். கணினி எழுந்தவுடன் தானே கோவைக்கு ஓர் அழைப்பு விடுத்து, அந்த அழைப்பைத் துண்டிக்காமல் வைத்திருக்கும்படி விடைக் கோப்பில் எழுதப்பட வேண்டும். அதே வழியாகக் கோவையில் இருப்பவர் உள்ளே வருவார்.

இவ்வளவையும் படித்த வாசகர் ஒருவர், 'பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியைக் கொண்டுவந்து திரையாகப் பொருத்திவிட்டால் என்ன?' என்று கேட்கலாம். மிகச் சரியான கேள்வி. எச்டிஎம்ஐ துளை உள்ள எந்தத் தொலைக்காட்சியும், அதே துளையுள்ள கணினிக்குத் திரையாக உதவும். அதைவிட எளிய வழியும் உண்டு. வன்தட்டை மட்டும் கழற்றிக் கோவைக்கு அனுப்பி, அங்குள்ள கணினியில் பொருத்தி லினக்ஸை நிறுவித் திருப்பி அனுப்பினால், பெரும்பாலும் அது பழைய கணினியில் எழுந்துவிடும். இதைச் சொன்னால் கணினி வல்லுநர்கள் முகம் சுளிப்பார்கள். சிக்கனம் நமக்கு முக்கியமே தவிர, நேர்த்தி அல்ல. ஒரே ஒரு கணினி, ஒரே ஒருமுறை என்றால் நான் இந்த வழியையே பரிந்துரைப்பேன்.

ஆனால், இயங்குதளம் ஒருமுறை இட்டு மறந்துவிடும் பொருள் அன்று. பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிப்பே மாறும். தொலைவிலிருந்து நிறுவும் முறையின் பயன் அந்த முதல் நாளில் இல்லை. ஒருமுறை பாதை அமைந்துவிட்டால் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு வண்டி வாடகை இல்லை என்பதில் இருக்கிறது.

எண்ணிக்கையும் கணக்கை மாற்றுகிறது. முதல் விடைக் கோப்பைச் சோதித்துச் சரிசெய்ய இரண்டு, மூன்று நாள் ஆகலாம். நூறாவது கணினிக்கு அதே கோப்பைப் படியெடுக்கச் சில நிமிடங்கள் போதும். ஒரே அறையில் முப்பது கணினிகள் இருந்தால் பென்டிரைவும் வேண்டாம். 1990-களின் இறுதியில் இன்டெல் வகுத்த 'பிஎக்ஸ்இ' முறையில், எழுந்த கணினி 'எனக்கு ஒரு முகவரியும் ஓர் இயங்குதளமும் தருவார் உண்டா' என்று அறைக்குள் உள்ள வலையமைப்பில் குரல் கொடுக்கும். அங்கே ஏற்கெனவே இயங்கும் ஒரு கணினி விடையளித்து நிறுவியை அனுப்பும். இந்தக் குரல் அந்த அறையின் வலையமைப்புக்குள் மட்டுமே கேட்கும். ஆகையால் உயிருள்ள கணினி ஒன்றாவது அங்கேயே இருந்தாக வேண்டும். அதை மட்டும் கோவையிலிருந்து பராமரித்தால், மீதி இருபத்தொன்பதையும் அது பார்த்துக்கொள்ளும். உறங்கும் கணினியை வலையமைப்பு வழியாகவே எழுப்பவும் வழி உண்டு. 102 பைட் அளவுள்ள ஒரு சிறு செய்தி போதும்.

தொடக்கச் செலவு பெரிது, அடுத்தடுத்த அலகுக்கான செலவு ஏறத்தாழ சுழி. இப்படிப்பட்ட பொருளைத் தனித்தனிப் பள்ளியோ சங்கமோ தானே செய்துகொள்ளாது, செய்யவும் கூடாது. ஒரே கோப்பை ஆயிரம் பேர் தனித்தனியாக எழுதுவது வீண். பொதுப் பணத்தில் ஒருமுறை செய்து அனைவருக்கும் கொடுக்க வேண்டிய பொதுப்பண்டம் அது. பைக்காராவுக்கு மிக அருகில் எல்லை கொண்டுள்ள கேரளம், பள்ளிக் கணினிகளில் லினக்ஸையே பொதுவான இயங்குதளமாக ஏற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. மாநிலம் முழுமைக்கும் ஒரே வடிவம், அதைப் பேண 'கைட்' என்னும் அரசு நிறுவனம், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் என்ற ஏற்பாடு அங்கே நிலைத்துவிட்டது. நம்மிடம் திறமைக்குக் குறைவில்லை, தொடர்ச்சிக்குத்தான் குறை.

தொலைவிலிருந்து இயக்குவது இந்த மலைக்குப் புதிதன்று என்பதையும் இங்கே நினைவுகூரலாம். 1932-இல் பைக்காரா நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியபோது, ஆற்று நீர் 3,000 அடிக்கும் மேலான உயரத்திலிருந்து சிங்காராவில் உள்ள மின்நிலையத்துக்குக் குழாய்களில் இறங்கியது. அங்கே பிறந்த மின்சாரம் கோவையின் நூற்பாலைகளை ஓட்டியது. ஆலை முதலாளி மலையேற வேண்டியிருக்கவில்லை. ஆனால், மலையில் மதகையும் குழாயையும் பொறியையும் காத்த தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சம்பளப் பட்டியலில் இடமும் இருந்தது. இதைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன், திரையில்லா நிறுவலால் வேறு சிலர் பெறும் பயனைச் சொல்லியாக வேண்டும். டெபியன் நிறுவியைக் கொண்டு கணினியை இயக்கினால், தொடக்கப் பட்டியல் தயாரானதும் ஒரு 'பீப்' ஒலி கேட்கும். அப்போது 'எஸ்' விசையையும் என்டர் விசையையும் அழுத்தினால், அதன் பிறகு ஒவ்வொரு கேள்வியையும் கணினி குரலில் படித்துச் சொல்லும். பிரெய்ல் காட்சிக் கருவி பொருத்தப்பட்டிருந்தால், விரலால் தடவிப் படிக்கும் எழுத்துகளாகவும் தரும். இந்த ஏற்பாடு பார்வையற்றோருக்காகச் செய்யப்பட்டது. பார்வையற்ற ஒருவருக்கு எல்லாக் கணினியும் திரையில்லாக் கணினிதான். பிறர் உதவியின்றித் தம் கணினியில் தாமே இயங்குதளத்தை நிறுவிக்கொள்வது அவர்களுக்குத் தன்மானம் சார்ந்த செய்தி. ஒரு கணினி வாங்கும்போது அது திரையின்றி நிறுவத்தக்கதா என்று பார்ப்பது, மலையூர் அலுவலகத்துக்கும் பார்வையற்ற மாணவருக்கும் ஒரே நேரத்தில் உதவும். நமது கொள்முதல் ஒப்பந்தங்களில் இப்படி ஒரு வரி இருந்து நான் பார்த்ததில்லை.

பயனைச் சொன்னால் ஆபத்தையும் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் தொலைவிலிருந்து அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பு, உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்தியது. இந்திய விமான நிலையங்களில் விமானம் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அனுப்பியது நொடிகளில் முடிந்தது. சரிசெய்தலோ பல இடங்களில் நாள்கணக்கில் இழுத்தது. வீழ்ந்த கணினி வலையமைப்பை எட்டும் முன்பே நின்றுவிட்டதால், பெரும்பாலான இடங்களில் ஒரு மனிதர் ஒவ்வொரு கணினியின் முன்னும் போய் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. தொலைவிலிருந்து கெடுக்க முடிந்ததைத் தொலைவிலிருந்து சீராக்க முடியவில்லை.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு 2012-இல் கிடைக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்டில் செவ்வாய்க் கோளில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் மென்பொருளை, இறங்கிய சில நாள்களிலேயே நாசா முழுமையாக மாற்றியது. பயணத்துக்கும் தரையிறங்கவும் தேவைப்பட்ட மென்பொருளை எடுத்துவிட்டு, தரையில் ஓடவும் ஆராயவும் தேவையானதை இட்டார்கள். ஒரு செய்தி சென்று சேரவே சுமார் 14 நிமிடங்கள் ஆகும் தொலைவு. அருகில் உதவியாளர் எவரும் இல்லை. அதை நான்கு நாள்களில் செய்ய முடிந்ததற்கு அடிப்படை எளிய ஏற்பாடு: ஊர்தியில் ஒரே மாதிரியான இரண்டு கணினிகள் இருந்தன. ஒன்றில் நிறுவி, தற்காலிகமாக ஓட்டிப் பார்த்து, சரி என்று உறுதியான பிறகே அடுத்ததைத் தொட்டார்கள். உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுவதில்லை என்பதே விதி. நம் கைகளில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவும் 2016 முதல் இதே முறையைப் பின்பற்றுகின்றன. புதிய பதிப்பு வேறொரு பகுதியில் எழுதப்படும். அது எழாவிட்டால் பழையதுக்குத் திரும்பும். பைக்காராவின் பழைய கணினியிலும் வன்தட்டை இரண்டாகப் பிரித்து இதைச் செய்யலாம். செலவு, சற்று இடமும் சற்றுப் பொறுமையும்.

இன்னும் நுட்பமான ஆபத்து நம்பிக்கையில் இருக்கிறது. எஸ்எஸ்எச் வழியாக ஒரு கணினியை முதன்முறை தொடும்போது, அது தன் அடையாளமாக ஒரு 'கைரேகை'யைக் காட்டும். அதே கைரேகை அந்தக் கணினியின் திரையிலும் தோன்றும். இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட்ட பிறகே தொடர வேண்டும். திரையே இல்லாதபோது எதனோடு ஒப்பிடுவது? பெரும்பாலோர் ஒப்பிடாமலே 'ஆம்' என்று தட்டிவிடுகிறார்கள். நடுவில் வேறொருவர் இருந்து விடையளித்தாலும் தெரியாது. இதற்குத் தீர்வு, கணினியின் கைரேகையையும் நிறுவுபவரின் சாவியையும் கோவையிலேயே உருவாக்கிப் பென்டிரைவில் வைத்து அனுப்புவது. கடவுச்சொல்லை மட்டும் நம்புவது போதாது. 2016-இல் 'மிராய்' என்ற தீநிரல், தயாரிப்பாளர் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்டிருந்த கண்காணிப்புக் கேமராக்களையும் ரூட்டர்களையும் பெருமளவில் கைப்பற்றியது. அவற்றைப் படையாகக் கொண்டு நடத்திய தாக்குதலில் அந்த ஆண்டு அக்டோபரில் பெயர்பெற்ற இணையதளங்கள் பல முடங்கின. கேமராவும் ரூட்டரும் திரையில்லாக் கணினிகளே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ராஸ்பெர்ரி பை என்னும் கையளவுக் கணினியும் முன்பு எல்லோருக்கும் தெரிந்த ஒரே கடவுச்சொல்லோடுதான் வந்தது. தொலைவிலிருந்து நுழையும் வழியை 2016 நவம்பரில் அதன் தயாரிப்பாளர்கள் முன்னமைவில் அடைத்தார்கள். வேண்டுபவர் தாமே திறந்துகொள்ளலாம்.

இப்போது செலவு யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். 'தொலைவிலிருந்து நிறுவினோம்' என்று அறிக்கையில் எழுதும்போது, பைக்காராவில் இருந்த அந்த உதவியாளர் அறிக்கையில் இடம்பெறுவதில்லை. பென்டிரைவைச் செருகியவர் அவர். மின்கலத்தை மாற்றியவர், 'பீப்' ஒலி எத்தனை முறை கேட்டது, பச்சை விளக்கு மினுக்குகிறதா நிலையாக எரிகிறதா என்று கைப்பேசியில் சொன்னவர், மின்சாரம் போய் வந்ததும் பொத்தானை அழுத்தியவர் எல்லாம் அவரே. வண்டி வாடகையில் மிச்சமான தொகை கணக்கில் சேமிப்பாகத் தெரிகிறது. அவரது நேரம் 'சிறு உதவி' என்ற பெயரில் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பொருளாதாரத்தில் இதைச் சேமிப்பு என்று சொல்வதில்லை; செலவை ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாற்றுவது என்பார்கள். இந்த முறை பல ஊர்களில் ஓரிரு ஆண்டுகளில் நின்றுபோவதற்கு, இணைப்பின் வேகத்தைவிட இதுவே பெரிய காரணமாக இருக்கும் என்பது என் கருத்து. சம்பளம் இல்லாத பொறுப்பை எவரும் நெடுநாள் சுமக்க மாட்டார்கள். சிங்காராவில் மதகைக் காத்தவருக்குச் சம்பளம் இருந்தது என்பதை இதற்காகவே குறிப்பிட்டேன்.

உதகையிலும் கூடலூரிலும் கணினி பழுது பார்த்துப் பிழைக்கும் இளைஞர்களையும் இங்கே கருத வேண்டும். மலைக்கு வருவோரின் வேலை குறைந்தால், கீழே உள்ள பெருநகர நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால், மின்கலம் மாற்றவும் பயாஸை அமைக்கவும் வன்தட்டைக் கழற்றவும் அருகில் ஒருவர் எப்போதும் தேவை. ஒப்பந்தத்தை அவர்களை முன்வைத்து எழுத வேண்டும்.

பொதுப் பணத்தில் கணினி வாங்கும்போது சில எளிய நிபந்தனைகளை விதிக்கலாம். மின்சாரம் திரும்பியதும் தானே எழ வேண்டும் என்ற அமைப்பு, பருவமழையில் அடிக்கடி மின்தடை ஏற்படும் மலையூர்களுக்கு இன்றியமையாதது. பெரும்பாலான தாய்ப்பலகைகளில் அது ஏற்கெனவே உண்டு, முன்னமைவில் அணைக்கப்பட்டிருக்கும். விசைப்பலகை இல்லாவிட்டாலும் நிற்காதிருத்தல், வலையமைப்பிலிருந்து எழுதல் ஆகியவையும் அப்படியே. கிடங்கிலிருந்து கணினி புறப்படும் முன், திரை பொருத்தியிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் இவற்றைச் செய்துவிட்டால் கூடுதல் செலவில்லை. மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு செய்வதற்கு ஒரு வண்டி வேண்டும்.

சாவி பற்றியும் ஒரு நிபந்தனை வேண்டும். இப்போது பல இடங்களில், தொலைவிலிருந்து நுழையும் சாவி ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் மட்டுமே இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தாலோ அவர் தொழிலை விட்டாலோ, தன் கணினிக்குள் அந்த அலுவலகமே நுழைய முடியாது. சாவியின் ஒரு நகல் முத்திரையிட்ட உறையில் அந்த அலுவலகத்தின் அலமாரியிலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு நுழைவும் கணினியில் பதிவாகி, மாதம் ஒருமுறை அச்சிடப்பட்டு அலுவலகத் தலைவரின் பார்வைக்கு வர வேண்டும். பொறுப்பு மாறும்போது கையொப்பமிட்டு ஒப்படைக்கப்படும் இருப்புப் பதிவேட்டில், நாற்காலி, மேசை, அலமாரிக்கு அடுத்த வரியில் அந்த உறையும் எழுதப்பட வேண்டும்.